திட்டு நோட்டு

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வயது நாற்பதைத் தாண்டியாச்சு. மாதம் பத்து என்று கஞ்சத்தனமாகக் கணக்குப் போட்டாலும் இதுவரை மூவாயிரம் பேடாவது தீர்த்திருப்பேன். ஒன்றைக்கூடக் கத்தரித்து, உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்த்ததில்லை! சின்ன வயதில் ரேடியோவைப் பிரித்துப் போட்டு அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். மாங்கொட்டைக்குள் வண்டு எப்படிப் போனது என்று பார்க்க அரிவாள்மனையைத் தூக்கியவள். அப்பேர்ப்பட்டவளுக்கு இது மட்டும் தோன்றவே இல்லை.

"அதனாலென்னங் கண்ணு, இன்னைக்குப் பாத்துருங்" என்று கத்தரிக்கோலைக் கையில் திணித்தார் ஒரு அக்கா.

இடம், கோயம்புத்தூருக்கு மேற்கே ஒரு கிராமம். முன்பு பால் சொசைட்டி நடந்த ஓட்டுக் கட்டடம். இப்போது பெண்கள் சுயஉதவிக் குழு ஒன்றின் நாப்கின் பட்டறை. ஊர் பெயர், ஆள் பெயர், பாக்கெட்டில் இருக்கிற பெயர் எதையும் எழுதக் கூடாது என்று வாசலிலேயே நிபந்தனை. வெட்கமா என்று கேட்டேன். "வெக்கமாவது ஒண்ணாவது! பத்திரிகையில வந்தா பக்கத்து ஊர்க்காரங்களும் மெஷின் போட்டுருவாங்" என்றார் கணக்கு எழுதுகிற அக்கா. சரிதான், தொழில் ரகசியம்!

செருப்பை வெளியே விடணும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவணும். வளையலைக் கழற்றணும். தலைக்கு வலைத்தொப்பி, வாய்க்கு மாஸ்க். ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைகிற டாக்டர் மாதிரி கம்பீரமாக இருப்பேன் என்று நினைத்துச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைப் பார்த்தால், கல்யாண வீட்டு மைசூர்பாகு மாஸ்டர் முறைத்துக்கொண்டு நிற்கிறார்.

கத்தரிக்கோலுக்கு வருவோம். மேல் அடுக்கு வழுவழுப்பாக, மெல்லிசாக, முகத்தில் மாட்டியிருந்த மாஸ்க்கின் அதே ஜாதி. நெய்யாத துணி. அடியில் ஈரம் தாண்டாத பிளாஸ்டிக் தாள். நடுவே வெள்ளை வெளேர் என்று ஒரு பொதி. விரலால் பிய்த்தால் புசுபுசுவென்று வருகிறது. 'பஞ்சு!' என்று கூவினேன், ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி.

பட்டறையில் இருந்த ஆறு பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள். "பஞ்சில்லீங் அம்மணி. மரம்!"

மரமா? மரமேதான். மூலையில் வெள்ளை அட்டைகள் அடுக்கியிருந்தன. பைன் மரக்கூழை விரித்துக் காயவைத்த அட்டை. கப்பல் ஏறி வருகிறது. தொட்டால் தடித்த மையொற்றித் தாள் போல இருக்கிறது. பஞ்சுக்கு என்ன குறை என்று கேட்டேன். பஞ்சு நன்றாகத்தான் குடிக்கும், ஆனால் மேலே ஆள் உட்கார்ந்தால் குடித்ததையெல்லாம் கக்கிவிடும். மரக்கூழ் குடித்ததைக் கெட்டியாகப் பிடித்துவைத்துக்கொள்ளும். "பஞ்சு ஓட்டவாய், இது கமுக்கம்" என்றார் ஒருவர். இதைவிடச் சுருக்கமாக எந்த விஞ்ஞானியும் சொல்லிவிட முடியாது.

அட்டையைக் கிழித்து ஒரு எவர்சில்வர் தொட்டிக்குள் போடுகிறார்கள். உள்ளே பிளேடு சுற்றுகிறது. அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு, இங்கே யாரும் சொல்வதில்லை. 'மிக்சி' என்றால் போதும். சத்தமும் தேங்காய்ச் சட்னி அரைக்கிற சத்தம்தான். மூடியைத் திறந்தால்... அட்டை போன இடம் தெரியவில்லை! தொட்டி நிறைய மேகம். ஒரு பிடி பறந்து வந்து என் புருவத்தில் உட்கார்ந்துகொண்டது. அந்த மேகத்தைச் சின்னத் தராசில் நிறுத்து, நீள அச்சுக்குள் போட்டு, கீழே இருக்கிற பெடலை மிதித்தால் அச்சு இறங்கி அமுக்கும். மேகம் பலகை ஆகிவிடும். அதைத் துணியில் சுற்றி, சூட்டில் ஓரம் ஒட்டி, முதுகில் பசை தடவி, பசைமேல் காகிதம் ஒட்டி, ஊதா வெளிச்சம் எரிகிற பெட்டிக்குள் அடுக்கிக் கிருமி போக்கி, எண்ணிப் பாக்கெட்டில் போட்டால் முடிந்தது. எல்லாமே கையும் காலும் செய்கிற வேலை. தையல் மெஷின் மிதித்துப் பழகின கால் இருந்தால் போதும் என்கிறார்கள்.

எனக்கு அந்தக் கால் இல்லை. ஆசைப்பட்டு ஒன்று செய்தேன். ஒரு பக்கம் மொத்தை, மறுபக்கம் சல்லடை.

"ஊத்தப்பம் ஆயிப்போச்சு" என்று தீர்ப்புச் சொல்லி, என் படைப்பை மறுபடி மிக்சிக்குள் போட்டுவிட்டார்கள். வீணாவது எதுவுமில்லை, என் மானத்தைத் தவிர.

அடுத்துதான் எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி. பரீட்சை! ஜன்னலோர மேஜையில் ஒரு டம்ளர் தண்ணீர், சொட்டு நீலம் பாட்டில், ஊசி இல்லாத சிரிஞ்சு, மளிகைக்கடை ஒரு கிலோ எடைக்கல். அன்றைக்குச் செய்ததில் ஒன்றை உருவி மேஜையில் வைத்து, நீலத் தண்ணீரை நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குகிறார்கள். பத்து மில்லி, இன்னொரு பத்து, இன்னொரு பத்து. பிறகு மேலே எடைக்கல். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு சுற்றி நிற்கிறார்கள், சுகப்பிரசவமா சிசேரியனா என்று காத்திருக்கிற முகத்தோடு. ஒரு நிமிடம் கழித்துத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு பொட்டு நீலமில்லை. "பாஸ்!"

டிவி விளம்பரத்தில் நீலத்தை ஊற்றிப் பூசி மெழுகுகிறார்களே, இங்கேயும் அதே கூச்சமா என்று வம்புக்கு இழுத்தேன். இல்லையாம். இது அரசாங்க விதி. நாப்கினுக்கு இந்தியத் தர நிர்ணய விதி ஒன்று உண்டு, ஐ.எஸ். 5405 என்று எண். 1980இல் வந்த அதன் வடிவத்தில், நிமிடத்துக்கு 15 மில்லி வீதம் 30 மில்லி ஊற்றினாலும் அடியிலோ ஓரத்திலோ கசியக் கூடாது, ஒரு கிலோ எடையைத் தாங்க வேண்டும் என்று இருந்தது. எதை ஊற்றலாம்? சாயத் தண்ணீர் ஊற்றலாம். அல்லது, உறையாமல் பக்குவம் செய்த ஆட்டு ரத்தம்!

படித்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. ஏனென்றால் இதே கோயம்புத்தூரில் ஒரு மனுஷர் ஆட்டு ரத்தத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டினார். ஊரே அவரைப் பைத்தியம் என்றது.

அவர்தான் அருணாசலம் முருகானந்தம். கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சினிமாவே வந்தாச்சு. அதில் நம் பாப்பநாயக்கன்புதூர்க்காரரை மத்தியப் பிரதேசத்து மகேஷ்வரில் கொண்டுபோய்க் குடிவைத்து, அக்‌ஷய் குமாரை இந்தி பேசவிட்டுவிட்டார் இயக்குநர் பால்கி. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. போகட்டும். சினிமாவில் பார்த்தவர்களுக்கும் திரைக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப்பார்க்கச் சம்மதம் இருக்கும் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

கைத்தறி நெசவாளர் வீட்டுப் பிள்ளை. அப்பா சாலை விபத்தில் போய்விட, பதினான்கு வயதில் படிப்பு நின்றது. வெல்டிங் பட்டறையில் வேலை. 1998இல் சாந்தியோடு கல்யாணம். புது மனைவி எதையோ முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு போகிறார். பார்த்தால் அழுக்குத் துணி. கடையில் வாங்கக் கூடாதா என்று கேட்டால், அதை வாங்கினால் வீட்டுக்குப் பால் வாங்க முடியாது என்று பதில். (பால் சொசைட்டிக் கட்டடத்தில் நின்றுகொண்டு இதை நினைத்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு என்னவோவும் வந்தது.)

மனைவிக்குப் பரிசாக ஒரு பாக்கெட் வாங்கப் போனார். கடைக்காரர் கடத்தல் சரக்கு மாதிரி அவசரமாகச் சுற்றிக் கொடுத்தார். கையில் எடுத்து நிறுத்துப் பார்த்தால் பத்து கிராம். பத்து கிராம் பஞ்சு அன்றைக்குப் பத்துப் பைசா. விற்கிற விலை 4 ரூபாய். நாற்பது மடங்கு! கோயம்புத்தூர்க்காரரிடம் போய் இந்தக் கணக்கைக் காட்டினால் சும்மா இருப்பாரா?

தானே பஞ்சில் ஒன்று செய்து சாந்தியிடம் கொடுத்து, 'எப்படி இருக்கு, சொல்லு' என்று நின்றார். இப்போதே எப்படிச் சொல்வது, நாள் வரட்டும் என்றார் சாந்தி. இது மாதத்துக்கு ஒருமுறை வருகிற விஷயம் என்பதே அப்போதுதான் அவருக்கு உறைத்ததாம். ஆண்களே, சிரிக்காதீர்கள். உங்களில் எத்தனை பேருக்குக் கல்யாணத்துக்கு முன்னால் தெரியும்?

நாள் வந்தது. தீர்ப்பும் வந்தது: படுமோசம். சகோதரிகளும் அதையே சொன்னார்கள். திரும்பச் செய்தார், திரும்பத் திட்டு. ஒரு கட்டத்தில் வீட்டுப் பெண்கள் 'போதும்டா சாமி' என்று கழன்றுகொண்டார்கள். மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் போனார். கருத்துப் படிவம் அச்சடித்துக் கொடுத்தார். ஒருநாள் எட்டிப்பார்த்தால், இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து எல்லோருடைய படிவத்தையும் தாங்களே நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்! டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கே வாய் வரவில்லை. வீட்டில் திட்டாவது கிடைத்தது, இங்கே அதுவும் கிடைக்கவில்லை.

திட்டுவதற்கு ஆளே இல்லை என்றானபோதுதான் அந்த ஃபுட்பால் பிளாடர் வந்தது. அதற்குள் ஆட்டு ரத்தம். கூடப் படித்தவர் ஒருவர் கசாப்புக்கடைக்காரர். ஆடு வெட்டப் போகிற நாளில் வீட்டு வாசலில் சைக்கிள் மணியை அடித்துவிட்டுப் போவார். இன்னொரு நண்பர் ரத்த வங்கியில் இருந்தார், உறையாமல் இருக்க மருந்து கொடுத்தார். பிளாடரை வேட்டிக்குள் கட்டி, குழாய் வைத்து, தான் செய்த பேடை மாட்டிக்கொண்டு நடந்தார், சைக்கிள் மிதித்தார், ஓடினார். அவ்வப்போது ஒரு அமுக்கு. நாற்றம் தாங்கவில்லை. பொதுக்கிணற்றில் போய் ரத்தக்கறைத் துணியைத் துவைத்தார். கேட்கவா வேண்டும்! ஊர் தனக்குத் தெரிந்த நோயையெல்லாம் அவர் தலையில் கட்டியது.

இப்போது ஐ.எஸ். 5405ஐ மறுபடி நினைத்துப் பாருங்கள். ஆட்டு ரத்தம், உறையாத பக்குவம், மேலே பாரம். தர நிர்ணய அமைப்பு ஆய்வகத்தில் செய்யச் சொன்னதைத்தான் இவர் இடுப்பில் கட்டிக்கொண்டு செய்தார். விதியின் நகல் ஒன்றை யாராவது அன்றைக்கு அந்தக் கிணற்றடியில் ஒட்டியிருக்கலாம்.

ஆரம்பித்து ஒன்றரை வருடத்தில் சாந்தி தாய்வீட்டுக்குப் போய்விட்டார். கல்லூரிப் பெண்களிடம் கேட்டு வாங்கிய பழைய பேடுகளைக் கொல்லையில் பரப்பி ஆராய்ந்துகொண்டிருந்த நாளில் அம்மாவும் பார்த்துவிட்டார். அழுதார். சேலையைத் தரையில் விரித்தார், தன் சாமான்களை அதில் வைத்து முடிந்தார், கிளம்பிவிட்டார். பேய் பிடித்திருக்கிறது, தலைகீழாக மரத்தில் கட்டி மந்திரிக்கணும் என்று ஊர் கூடிப் பேச, இவர் ஊரைவிட்டே வெளியேறினார்.

பஞ்சு இல்லை, வேறென்ன? பெரிய நிறுவனங்களுக்குப் போன் போட்டார். ஆங்கிலத்துக்கு ஒரு கல்லூரிப் பேராசிரியர் துணை. போன் பில் மட்டும் ஏறக்குறைய 7,000 ரூபாய். எந்த ஆலை உங்களுடையது என்று எதிர்முனையில் கேட்டார்கள். கடைசியில், நான் கோயம்புத்தூரில் மில் முதலாளி, இந்தத் தொழிலில் இறங்கலாமா என்று யோசிக்கிறேன், மாதிரி அனுப்புங்கள் என்று ஒரு போடு போட்டார். கோயம்புத்தூர் என்றால் மில் முதலாளி என்று நம்பாத ஊர் உண்டா! சில வாரத்தில் பார்சல் வந்தது. உள்ளே கெட்டியான வெள்ளை அட்டை. நான் மூலையில் தொட்டுப் பார்த்த அதே அட்டை. ரகசியம் உடைய இரண்டு வருடமும் மூன்று மாதமும் ஆனது.

அட்டையைப் பஞ்சாக்குகிற வெளிநாட்டு இயந்திரத்தின் விலை மூன்றரைக் கோடி. நாலரை வருடம் முட்டிமோதி அவர் செய்தது 65,000 ரூபாய்க்குள் அடங்கியது. சென்னை ஐ.ஐ.டி. மூலம் அவருக்கே தெரியாமல் போட்டிக்குப் போய், 943 கண்டுபிடிப்புகளில் முதலாவதாக வந்து, அப்போதைய ஜனாதிபதி பிரதிபா பாட்டீல் கையால் விருது வாங்கியது. பிறகு 2016இல் பத்மஸ்ரீ. இதற்கு நடுவே, பிரிந்துபோய் ஐந்தரை வருடம் கழித்துச் சாந்தியிடமிருந்து போன் வந்தது. பெரிய நிறுவனங்கள் கேட்டும் இயந்திரத்தை அவற்றுக்குக் கொடுக்காமல் பெண்கள் குழுக்களுக்கே விற்றார். 2014 வாக்கில் 23 மாநிலங்களில் 1,300 கிராமங்களுக்குப் போயிருந்தது.

எல்லோரும் அவரை மெச்சுகிறார்கள், நானும் மெச்சுகிறேன். ஆனால் இந்தக் கதையில் கண்டுகொள்ளப்படாத ஒரு பதவி இருக்கிறது: தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. அந்தப் பதவியைச் சம்பளமில்லாமல் வகித்தவர்கள் சாந்தியும் அந்தச் சகோதரிகளும்தான். 'நல்லாருக்கு' என்று புருஷனுக்காக, அண்ணனுக்காக ஒரு பொய் சொல்லியிருந்தால் கதை பஞ்சோடு முடிந்திருக்கும். நன்றாகத் திட்டினார்கள். அதனால்தான் மனுஷர் மரம் வரைக்கும் போனார்.

இதைப் பட்டறை அக்காக்களிடம் சொன்னேன். கணக்கு அக்கா ஒன்றும் பேசாமல் பீரோவைத் திறந்து ஒரு நீள நோட்டை எடுத்துப் போட்டார். பால் சொசைட்டிக் கணக்கு எழுதிய பழைய நோட்டு, பின்பக்கத்திலிருந்து திருப்பி எழுதியிருக்கிறார்கள். அட்டையில் ஸ்கெட்ச் பேனாவில் 'திட்டு நோட்டு'.

நான் முதலில் 'தீட்டு நோட்டு' என்றுதான் படித்தேன். அதையும் சொல்லிவிட்டேன். "அந்தச் சுழியை நாங்க எடுத்துப்போட்டு ஆறு வருஷமாச்சுங்" என்றார்!

வாங்கியவர்கள் சொன்ன குறைகள் அத்தனையும் அதில் இருக்கின்றன, சொன்னபடியே. ராத்திரிக்குப் பத்தல. வெங்காயம் நடறப்போ நகந்து பின்னால போயிருச்சு. ஓரம் தொடையில அறுக்குது. பசை ஜட்டியோடவே ஒட்டிக்கிச்சு, பிச்சு எடுக்கறதுக்குள்ள உசுரு போச்சு. மல்லிகை வாசம் எதுக்கு, நானென்ன கல்யாணத்துக்கா போறேன்? ஒரு பள்ளிக்கூடப் பெண் தானே வந்து பேனா வாங்கி எழுதியிருக்கிறாள்: பிடி பீரியடில் கழண்டுவிட்டது, தயவுசெய்து இறக்கை வைக்கவும், நன்றி. கீழே கையெழுத்து வேறு.

சரிசெய்த புகாருக்குப் பச்சை டிக். இறக்கை வந்தாச்சு, பச்சை டிக். மல்லிகை வாசம் நின்றாச்சு, பச்சை டிக். தொடையில் அறுத்த ஓரத்துக்கு மூன்று முறை அடித்து எழுதி நான்காவது முறைதான் டிக். பெரிய கம்பெனிகள் இந்த மாதிரித் தகவலுக்குக் கோடிக்கணக்கில் கொட்டுகின்றன. இங்கே வாரச்சந்தையில் காசில்லாமல் கிடைக்கிறது. ஆனால் சும்மா கிடைத்துவிடவில்லை. ஆரம்பத்தில் யாரும் வாய் திறக்கவில்லையாம். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த மாதம் வாங்க மாட்டார்கள். பிறகு இவர்களே வீடு வீடாகப் போய், தங்கள் சரக்கைத் தாங்களே முதலில் திட்டிக் காட்டினார்களாம். "நாம ரெண்டு குத்தம் சொன்னா, அவங்க நாலு சொல்லுவாங்" என்கிறார் விற்பனைக்குப் போகிற அக்கா. என்ன வியாபார மூளை!

வடக்கே இந்த வாய் திறப்பதற்கு இன்னும் கஷ்டப்பட்டார்கள். முருகானந்தம் போன இடங்களில் பெண்களிடம் பேசக் கணவனோ அப்பாவோ அனுமதி கொடுக்கணும், நடுவே ஒரு போர்வையாவது தொங்கணும். பேடு வைத்தால் கண் போய்விடும், கல்யாணம் நடக்காது என்றெல்லாம் பயம். அங்கேயும் பெண்ணிடம் பெண் விற்றபோதுதான் நகர்ந்தது. காசில்லாதவர்கள் வெங்காயமும் உருளைக்கிழங்கும் கொடுத்து மாற்றிக்கொண்டார்கள். உத்தரப் பிரதேசத்தில் ஹாப்பூர் பக்கம் காட்டிகேரா என்று ஒரு கிராமம். கோயம்புத்தூர் இயந்திரம் அங்கே போனது, பெண்கள் 'ஃப்ளை' என்று பெயர் வைத்து விற்றார்கள். அதைப் படமெடுத்த ரேய்கா ஜெஹ்தாப்சியின் குறும்படம் 2019இல் ஆஸ்கர் வாங்கியது. பாப்பநாயக்கன்புதூர் பெடல் ஹாலிவுட் மேடை வரைக்கும் மிதிபட்டுவிட்டது!

சரி, அக்காக்களுக்குக் காசு வருகிறதா? இந்தக் கேள்விக்கு மட்டும் பட்டறையில் சிரிப்பு குறைந்தது. வருகிறது, மெதுவாக. 2017இல் நாப்கினுக்கு 12 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டார்கள், நாடே கொதித்தது, 2018 ஜூலையில் எடுத்தார்கள். எடுத்ததில் ஒரு சிக்கல். விற்கிற சரக்குக்கு வரி இல்லை என்றால், வாங்குகிற மூலப்பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெற முடியாது. அட்டைக்கும் பசைக்கும் கட்டின வரி கட்டினதுதான். 2019 ஆகஸ்ட்டிலிருந்து மக்கள் மருந்தகத்தில் ஒரு பேடு ஒரு ரூபாய். தமிழ்நாட்டில் 2012இலேயே 'புது யுகம்' திட்டம் வந்து, கிராமத்து வளரிளம் பெண்களுக்கு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. இலவசத்தோடும் ஒரு ரூபாயோடும் ஒரு பால் சொசைட்டிக் கட்டடம் எப்படி மல்லுக்கட்டும்?

இங்கே என் அபிப்பிராயம் இவர்களுக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். இலவசம் இருக்கட்டும், இருக்கத்தான் வேண்டும். பாலா பேடா என்று ஒரு பெண் கணக்குப் போடுகிற நிலைமை ஒழிய அதுதான் நேர்வழி. தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 24 வயதுப் பெண்களில் சுகாதாரமான முறையைப் பயன்படுத்துகிறவர்கள் 2015-16இல் 57.6 சதவீதம், 2019-21இல் 77.3. அந்தக் கணக்கில் உள்ளூரில் செய்கிற நாப்கினும் சேர்த்தி. எல்லோரும் சேர்ந்து இழுத்த தேர். ஆனால் இலவசமாக வந்த பாக்கெட்டைத் திட்ட யாருக்கும் நாக்கு எழுவதில்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்றுதானே வளர்த்திருக்கிறார்கள்! இரண்டு தெரு தள்ளி இருக்கிற அக்காவிடம் காசு கொடுத்து வாங்கினால் தாராளமாகத் திட்டலாம். இந்தப் பட்டறை பிழைத்திருப்பதும் அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பெரியவர்கள் செய்யாத அளவு, பிள்ளை பெற்றவர்களுக்கு நீளமானது, வயல் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பசை கூடுதலானது என்று நோட்டைப் பார்த்துச் செய்து கொடுக்கிறார்கள்.

நோட்டில் பச்சை டிக் விழாத ஒரு புகார் உண்டு. பக்கத்துக்குப் பக்கம் திரும்பத் திரும்ப வருகிறது. 'தூக்கிப் போட எடமில்லை.' வாய்க்காலில் போடுகிறார்கள், குழி தோண்டுகிறார்கள், ராத்திரி ஆனதும் கொளுத்துகிறார்கள். நடுவில் இருக்கிற மரம் மட்கிவிடும், அடியில் இருக்கிற பிளாஸ்டிக் நமக்குப் பின்னாலும் இருக்கும். ஆரோவில்லில் 'இகோ ஃபெம்' துவைத்துப் பயன்படுத்துகிற துணி நாப்கினைத் தைக்கிறது. வெளிநாட்டில் விற்கிற காசில் நம் பள்ளிப் பெண்களுக்கு இலவசமாகத் தருகிறது. கேரளத்தில் கும்பளங்கி ஊரில் 2022இல் பெண்களுக்கு மாதவிடாய்க் கப் கொடுத்து, நாப்கின் இல்லாத ஊராக அறிவித்தார்கள். துணி நாப்கினையும் கப்பையும் இவர்களிடம் காட்டினேனா என்று கேட்காதீர்கள். காட்டினேன். கப்பைக் கையில் வாங்கி, மடக்கி, விரித்து, அமுக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதுக்கும் நோட்டுப் போடலாம் போலிருக்கே" என்றார் கணக்கு அக்கா. துணிக்கு ஒரே கேள்வி: "வெயில்ல காயப்போடணும்னா கொடியில தொங்கணுமே கண்ணு, எங்க மாமியா சம்மதிக்கோணுமே?" அந்தப் பக்கம் இன்னும் திறக்கவில்லை.

கிளம்பும்போது ஒரு பாக்கெட் வாங்கினேன். கறுப்புக் கவர் கேட்கவில்லை, அவர்களிடம் இருக்கவும் இல்லை. காசை வாங்கிப் போட்டுக்கொண்டு, "சும்மா போகப்படாது, ஒரு திட்டாவது எழுதிட்டுப் போங்" என்று நோட்டை நீட்டினார்கள். பயன்படுத்தாமல் என்ன எழுத? பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தேன். சரசரவென்று ஒரே சத்தம்! ஆபீஸ் பாத்ரூமில் இதைப் பிரித்தால் பக்கத்துக் கதவுக்குள் இருப்பவருக்கும் கேட்குமே. நல்ல புகார் கிடைத்த சந்தோஷத்தில் எழுதினேன்: 'பிரிக்கும்போது சத்தம் வருகிறது. சத்தம் வராத கவர் போடவும்.'

கணக்கு அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மற்ற ஐந்து பேருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சத்தம் வந்தா வரட்டுங்."

பச்சைப் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிவப்புப் பேனாவால் எழுதினார்: தள்ளுபடி. அந்த நோட்டில் சிவப்பு மை பட்ட முதல் புகார் என்னுடையது.